இரண்டு கல், இரண்டு சீட்டு

எங்கள் தொழிலில் கல்லைவிட, அது எந்தச் சுரங்கத்தில் கிடைத்தது என்று சொல்லும் சீட்டுக்குத்தான் மரியாதை.

செல்வம் அண்ணாச்சி பெரு நாட்டு மலைச் சுரங்கங்களுக்குப் போய், சல்ஃபோசால்ட் கற்கள் வாங்கி வருவார். வெள்ளியோ செம்போ, கந்தகத்தோடும் ஆர்சனிக்கோடும் கூடி விளைந்த அபூர்வப் படிகங்கள். சேகரிப்பவர்களுக்கு விற்பது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில். பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட என்னை, "மூணு மாசம் பார்ப்போம். சரிப்படலேன்னா பள்ளிக்கூடத்துக்கே போயிரு" என்று சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தை வெறுத்தவர்களுக்கு என் பயம் புரியும்.

வெயில் ஆகாது

ரத்தச் சிவப்பில் ஒரு வெள்ளித் தாது உண்டு. வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும், கறுத்தால் கறுத்ததுதான். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் அதை ஜன்னலோரம் வைத்துப் பார்க்கணும் என்றார். முடியாது என்றேன். திரும்பக் கேட்டார். திரும்பவும் முடியாது என்றேன்.

"எலுமிச்சம்பழத்தையே நான் வெயில்ல வச்சுப் பாத்துத்தான் வாங்குதேன். ஒரு கல்லுக்கு என்னட்டி இவ்வளவு கொழுப்பு?"

ஆர்சனிக்

கல்லைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும், அதில் விஷம் இருக்கு என்று வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா என்னை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பினாள்.

"பாத்திரம் கழுவாமத் தப்பிக்கத்தானே இந்த வேலைக்குப் போன?"

மூன்றாம் மாதம்

போட்டோ எடுக்க இரண்டு பெட்டிகளை ஒன்றாகத் திறந்தேன். ஒன்றுதான் திறக்கணும் என்பது விதி. எனக்குப் பொறுமை இல்லை. இரண்டும் சாம்பல் நிறம், முக்கோண முகங்கள். போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் எந்தக் கல் எந்தச் சீட்டுக்கு உரியது என்று தெரியவில்லை. ஒன்றின் சுரங்கம் தண்ணீர் புகுந்து மூடியாயிற்று; இனி அங்கே கல் வராது. அந்தக் கல்லுக்காக இரண்டு வருடம் காத்திருந்த கெமிஸ்ட்ரி டீச்சர் திருநெல்வேலியிலிருந்து மறுநாள் வருகிறார்.

ஏதோ ஒரு சீட்டை வைத்திருந்தால் அண்ணாச்சிக்கே தெரிந்திருக்காது. எனக்கு மனசு கேட்கவில்லை. டீச்சர் வந்ததும் அண்ணாச்சி முன்னாலேயே நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சர் இரண்டு கல்லையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, எதையும் வாங்காமல் எழுந்தார்.

"இந்தப் பிள்ளைய வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, பொய் சொல்லத் தெரியல. ஆனா கல்லத் தொட விட்டுராதீங்க."

அப்படியாக, கல் கடையில் கல்லைத் தொடாத வேலை எனக்கு நிரந்தரமாயிற்று.