'அண்ணே' என்று மட்டும் பதிந்திருந்த எண்

ராமதாஸுக்குக் கை சும்மா இருக்காது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பழுதான சர்க்யூட் போர்டுகளைச் சரிசெய்வது அவர் வேலை. டத்தோ கிராமாட்டிலுள்ள ஃபிளாட்டுக்குத் திரும்பிய பிறகும் எதையாவது கழற்றி மாட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ரைஸ் குக்கர், காற்றாடி, மனைவி பிரமிளாவின் தையல் மெஷின் எல்லாம் அவர் கைக்குத் தப்பியதில்லை. பெரும்பாலும் திரும்ப ஓடும். ஓடாவிட்டால், "அது எப்படியும் போக வேண்டிய சாமான்லா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

அந்த வரிசையில் கடைசியாகச் சிக்கியது அவருடைய கைப்பேசி. பழையதாகி மெதுவாகிவிட்டது என்று, கம்பெனி போட்டுக் கொடுத்த மென்பொருளைத் தூக்கிவிட்டு, இணையத்தில் யாரோ சொந்தமாகச் செய்து வைத்திருந்த வேறொன்றைப் போட்டுக்கொண்டார். போன் பறந்தது. மனிதரும் கொஞ்சம் பறந்தார். ஆனால் பேங்க் செயலி, இந்த போனை நம்ப முடியாது என்று திறக்கவே மறுத்துவிட்டது. பெட்ரோல் நிலையத்தில் பணம் கட்ட முடியாமல் விழித்த பிறகு பிரமிளா சும்மா இருப்பாளா?

"பழையபடி மாத்துங்க. இல்ல, பட்டன் போன் வாங்கிக்கிங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் கைப்பேசியைக் கணினியில் மாட்டினார். கம்பெனி மென்பொருளை மறுபடி ஏற்றும்போது உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் தொடர்பு எண்களையெல்லாம் முன்கூட்டியே ஒரு கோப்பாக்கி வைத்திருந்தார். எங்கே? அதே கைப்பேசிக்குள்! கூகுளில் ஏற்றி வைக்கலாமே என்று யாராவது சொன்னால், "என் ஆளுங்க நம்பர் ஊரான் கம்ப்யூட்டர்ல எதுக்கு?" என்று கேட்கிற ஆள் வேறு. சாயங்காலம் போன், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் பளிச்சென்று விழித்தது. தொடர்புப் பட்டியலைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெயர்கூட இல்லை.

சரி, வாட்ஸ்அப் குழுக்களில் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அப்போதுதான் எந்தக் குழுவிலும் இல்லாத அண்ணனின் ஞாபகம் வந்தது.

அண்ணன் கூடப் பிறந்தவர் இல்லை. மஹ்பூபா அக்காவின் தேநீர்க் கடையில் பழக்கமான மனிதர். சுங்கை பாக்காப் பக்கத்திலிருந்து தீவுக்கு வந்து, ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். பின்பக்கச் சந்து எதிலோ ஓர் அறையில் தனியாக இருந்தார். வருஷக்கணக்காகத் தினமும் காலையில் ஒரே மேசையில் இருவரும் தே தாரேக் என்ற நுரைபொங்க ஆற்றிய தேநீர் குடித்தார்கள். பிரமிளாவுக்கு அறுவைசிகிச்சை நடந்தபோது முதல் ஆளாக ரத்தம் கொடுக்க வந்து நின்றவர் அவர். தைப்பூசத்தன்று ராமதாஸின் காவடிக்குப் பின்னால் மலை உச்சிவரை தண்ணீர்ப் போத்தலோடு நடப்பவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை அந்த மனிதர் நெஞ்சைத் தடவிக்கொண்டே தேநீரை ஆறவிட்டார்.

"திங்கக்கெழம லீவு போடறேண்ணே. காலையில போன் அடிச்சிட்டு வரேன், கிளினிக் போவோம்" என்று ராமதாஸ் வாக்குக் கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கடைக்கு ஓடினார். அண்ணன் இல்லை. மஹ்பூபா அக்கா பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நேத்துப் பின்சந்துல ஆம்புலன்ஸ் வந்துச்சாம் தம்பி. தனியா இருந்த பெரியவர ஏத்திட்டுப் போனாங்களாம். அண்ணனா இருக்குமோன்னு எனக்குப் பக்குனு ஆயிருச்சு."

"பேரு கேட்டீங்களாக்கா?"

"பேரா? அண்ணன் பேரு என்ன தம்பி?"

ராமதாஸுக்கும் அந்தப் பெயர் தெரியாது. அழிந்த பட்டியலிலும் 'அண்ணே' என்றுதான் பதிந்திருந்தார். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை; கூப்பிடப் போகாத பெயரைக் கேட்டு வைக்க அவருக்குத் தோன்றவேயில்லை.

ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் பாதி போய்விட்டது. முகப்பில் இருந்த நஸீஹா என்ற பெண் மலாயில் கேட்டாள்.

"நோயாளியின் பெயர்?"

"பெயர் தெரியாது" என்றார் ராமதாஸ்.

"உங்களுக்கு என்ன உறவு?"

"அண்ணன்."

"சொந்த அண்ணனா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சொந்த அண்ணனின் பெயர் தெரியாத மனிதரை அவள் பார்த்ததில்லை போலும். வெட்கத்தில் ராமதாஸுக்குக் காது சுட்டது. ஆனாலும் அவர் நகரவில்லை. அடையாளத்தைச் சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் அவள் மனமிரங்கி, நேற்று வந்த இருதய நோயாளிகள் இருக்கும் வார்டைக் காட்டினாள்.

சன்னலோரக் கட்டிலில் அண்ணன் கண்மூடிக் கிடந்தார். மீனாட்சி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நர்ஸ் ஓடி வந்தாள்.

"நீங்கதான் தம்பியா? நல்லவேள வந்தீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி சொந்தக்காரங்ககிட்ட பேசணும். இவரு, தம்பி இருக்கான் தம்பி இருக்கான்னு சொல்றாரு, தம்பி பேரக் கேட்டா தெரியலன்றாரு. போனும் ரூம்லயே விட்டுட்டாராம். மூளையும் பாதிச்சிருக்குமோன்னு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாரு."

"அவருக்கு ஒண்ணும் பாதிக்கலம்மா" என்றார் ராமதாஸ். "அவரு பேரு எனக்கும் தெரியாது."

பேச்சுச் சத்தத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"வந்துட்டியா தம்பி? நேத்து மத்தியானம் வலி தாங்கல. ஒனக்குத்தான் அடிச்சேன். அடிச்சிக்கிட்டே இருந்தேன். கெடைக்கவே இல்ல. கடைசியில பக்கத்து ரூம்காரந்தான் ஆம்புலன்ஸக் கூப்ட்டான்."

நேற்று மத்தியானம் கைப்பேசி கணினியில் மாட்டியபடி உயிரற்றுக் கிடந்தது. ராமதாஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றாமல் அழுதார். நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.

"சரி, ஒங்க பேரச் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

"ராமதாஸ்."

அண்ணன் தலையணையில் மெல்லத் திரும்பி அவர் முகத்தையே பார்த்தார்.

"ராமதாஸா?" என்றார். "நல்ல பேருதான் தம்பி."