அன்று நான் போட்ட கூச்சல்

பல்கலைக்கழகத்தில் சூழலியல் கற்பிக்கிறேன். அன்று காலை ஐனா, வெய் மிங், கவிதா என்ற மூன்று மாணவர்களோடு கிள்ளான் ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் நீர்நாய்களைத் தேடி நின்றேன். சத்தமே கூடாது என்பது என் கண்டிப்பான விதி.

செந்தூல் என்ற நகர்ப்பகுதிப் பெண்ணான கவிதா, அதுவே தன் கடைசி நாள் என்று முடிவு செய்திருந்தாள். "இத்தனை வாரமா சேத்தைத்தான் பாக்குறோம் மேடம். எனக்கு இது சரிப்படாது லா" என்று காரிலேயே சொல்லிவிட்டாள்.

திடீரெனத் தண்ணீரில் ஒரு நீர்நாய் தலைதூக்கியது. பின்னாலேயே குட்டிகள்!

"ஐயோ, குட்டி! குட்டி!" என்ற அலறலில் எல்லாம் நொடியில் மூழ்கி மறைந்தன. அலறியது நான்தான்.

ஐனாவும் வெய் மிங்கும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கவிதா என்னையே பார்த்தாள்.

"இவ்வளவு வருஷம் பாத்தும் இப்படிக் கத்துறீங்களே மேடம்!"

"எப்பவும் கத்தணும்னுதான் வரும். அடக்கிக்குவேன். இன்னிக்கு முடியல."

அவள் தொலைநோக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அடுத்த வாரமும் வரேன். ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது, ஓகேவா?"

மாணவர்கள் முன் நிதானமாக இருப்பதுதான் ஆசிரியருக்கு அழகு என்று நினைத்திருந்தேன். இந்த வேலையில் எனக்குள்ள சந்தோஷத்தை அல்லவா இத்தனை காலம் அவர்களிடம் மறைத்திருக்கிறேன்!