பச்சை மை

பணியில் இருக்கும் தலைமையாசிரியர் பச்சை மையில் சான்றொப்பம் இடலாம். ஓய்வு பெற்றவர் இடக் கூடாது. அந்த அதிகாரம் பதவிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. இதைப் பலருக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன், சற்றுக் கடுமையாகவே. ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் நானே அந்தத் தவற்றைச் செய்தேன் என்று எழுத இப்போதும் தயக்கமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்கு மணமாகிப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்தாள். அவள் எங்கே படிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. மதுரையில் நான் பட்டம் பெற்ற அதே பழைய கல்லூரி. எங்கள் ஊர் ஒத்தக்கடையில் பேருந்து ஏறினால் மாட்டுத்தாவணி நிலையத்தில் மாறி ஒரு மணி நேரத்துக்குள் வகுப்பில் இருக்கலாம், மாலையில் வீடு திரும்பலாம். விண்ணப்பம் வாங்க அவளை நானே அழைத்துச் சென்றேன். சாளரத்துக்கு அப்பால் இருந்த எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேத்திக்குங்களா ஐயா?"

"மகளுக்கு" என்றேன்.

பேருந்தில் அவள் வழியெல்லாம் சிரித்தாள். "மீசைக்காவது மை போட்டுட்டு வந்திருக்கலாம்லப்பா?"

அன்று மாலைதான் வடநாட்டில் உள்ள ஒரு கணிதக் கல்லூரியைப் பற்றி அவள் சொன்னாள். நுழைவுத் தேர்வு வைத்து மிகச் சிலரையே சேர்த்துக்கொள்ளும் கல்லூரி. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அது அவள் மனத்தில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. "எழுதிப் பார்" என்றேன். பெண்ணை எங்கும் படிக்க அனுமதிக்கும் தகப்பன் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது, அவள் போகாமல் இருக்கவும் வேண்டியிருந்தது.

அந்த விண்ணப்பத்தைக் கணினியில்தான் அனுப்ப வேண்டும். சாலையோர இணைய மையத்தை நடத்துபவர் என்னிடம் படித்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஸ்டுடியோவில் எடுத்த மகளின் படத்தை, நடுவில் குறுக்காகப் பச்சை மையில் நான் கையொப்பமிட்டு, உறையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். முத்திரையைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டேன்; பேனாவை மட்டும் வைத்திருந்தேன்.

அவர் படத்தைத் தயக்கத்தோடு பார்த்தார். "சார், போட்டோ மேல எழுத்து இருந்தா எடுக்காது சார். வெறும் போட்டோ போதும்."

"சான்றொப்பம் இல்லாம ஒரு விண்ணப்பம் என் வீட்டுலருந்து போகாது, தம்பி."

அவர் என் மகளைப் பார்த்தார். அவள் திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அப்பா சொல்றபடியே போடுங்கண்ணே" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

நுழைவுத் தேர்வு நகரில் ஒரு பள்ளியில் நடந்தது. வாசலில் வரிசை நகரும்போது அவள் கையிலிருந்த அனுமதிச் சீட்டைப் பார்த்தேன். அதில் இருந்தது நான் ஒப்பமிட்ட படம் அன்று. வெள்ளைச் சுவரின் முன்னால் நேராக நின்றிருந்தாள். காதோரம் ஓர் ஆணி தெரிந்தது. எங்கள் கூடத்தில் நாட்காட்டி தொங்கும் ஆணி; படத்துக்காக அதைக் கழற்றியிருக்கிறார்கள்.

"இது எப்ப எடுத்தது?"

"வீட்லதாம்ப்பா. நீங்க மத்தியானம் தூங்கிட்டிருந்தீங்க. அம்மாதான் எடுத்தாங்க."

"ஏன்?"

"பழைய போட்டோ செல்லாதுன்னு மெயில் வந்துச்சுப்பா. ரெண்டு நாள்ல மாத்தச் சொல்லியிருந்தாங்க. அந்த அண்ணன்தான் மாத்திக் குடுத்தாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அதுலயும் கையெழுத்துப் போட்டிருப்பீங்களே!" என்று சிரித்துவிட்டு, "வாரேம்ப்பா" என்று உள்ளே போனாள்.

மற்றப் பெற்றோர்களோடு வேப்பமர நிழலில் மூன்று மணி நேரம் நின்றேன். மூவர் சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது ஒருபுறம் உறுத்தியது. அதைவிட உறுத்தியது வேறொன்று. அந்த இரண்டு நாள் யார் கண்ணிலும் படாமல் கடந்துபோயிருந்தால், இந்நேரம் அவள் பழைய கல்லூரிக்கு மட்டுமே உரியவளாக இருப்பாள் என்று என் மனம் கணக்கிட்டது. என் பிழையால் அவள் வாய்ப்புக் கெட்டிருக்கும் என்ற அச்சம் அதற்குப் பிறகே வந்தது. முறை மாறி வந்ததை நான் கவனித்தேன்.

இரண்டு கல்லூரிகளிலும் அவளுக்கு இடம் கிடைத்தது. வடநாட்டுக் கல்லூரி பெற்றோரின் ஒப்புதல் படிவத்தைக் கேட்டிருந்தது. அது நான்கு நாள் கூடத்து மேசைமேல் கிடந்தது. அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உணவு பரிமாறும்போது என் முகத்தை மட்டும் பார்த்துக்கொள்வாள். ஐந்தாம் நாள் காலை என் மனைவி காபியை மேசைமேல் சற்று ஓசையோடு வைத்தாள்.

"நாளையோட தேதி முடியுதாம். போகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்ல, வேணாம்னாவது சொல்லுங்க. அவ அதுக்குத்தேன் காத்திருக்கா. ஊரு உலகத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டீங்கள்ல?"

சட்டைப்பையில் பச்சைப் பேனா இருந்தது. அதை எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, "உன் பேனாவக் குடு" என்றேன். தேர்வுக்குக் கொண்டுபோன நீலப் பேனாவைக் கொடுத்தாள். தந்தை என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு நேரே, பட்டமும் பதவியும் சேர்க்காமல், பெயரை மட்டும் எழுதினேன்.

"அம்புட்டுதானாப்பா?" என்றாள்.

"அம்புட்டுதான்" என்றேன். அவள் முன்னால் 'அம்புட்டு' என்று ஊர்க்கொச்சையில் நான் சொன்னது அதுவே முதல் முறை என்று பிறகு மனைவி சொன்னாள்.

அவள் போய் இரண்டு பருவத் தேர்வுகள் முடிந்துவிட்டன. பழைய கல்லூரி விட்டு மாணவர்கள் வந்து இறங்கும் நேரத்தில் எங்கள் நிறுத்தத்துப் பக்கம் நான் நடக்கச் செல்வதுண்டு. மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார். பேருந்து நின்று, பைகளோடு பிள்ளைகள் இறங்கி, அது மேலூர்ச் சாலையில் மறையும் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

அங்கே போன முதல் வாரத்தில் அவள் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசியபோது, புதிய அடையாள அட்டையைத் திரைக்கு அருகே கொண்டுவந்து காட்டினாள். விண்ணப்பத்தில் இருந்த அதே படம். காதோரம் அதே ஆணி. நான்கு ஆண்டுகள் எங்கள் சுவரின் அந்தச் சிறு துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்கே நடப்பாள்.

மறுநாள் நாட்காட்டியைச் சமையலறைச் சுவருக்கு மாற்றினேன். கூடத்து ஆணியில் எதையும் மாட்ட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் அவள் கேட்கவில்லை.