நஞ்சு குறைந்த வயிறு

துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களுக்குச் சோறு போட்டே மாடிவீடு கட்டியவள் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனாலும் கப்பல் கப்டன்மாரே என் மீன்குழம்புக்கு ஆள் அனுப்புவார்கள். அப்படிப்பட்ட என்னை ஒரு கட்டிலில் படுக்க வைத்தது எழுபதுகளில், மூத்தவன் வயிற்றில் இருந்தபோதுதான்.

மாதம் நிறைந்தும் நோவு வரவில்லை. ஆசுபத்திரியில் ஒரு பகல், ஓர் இரவு நான் ஒன்றுக்குப் போன சலத்தையெல்லாம் பெரிய போத்தலில் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டொக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தாதி மிஸ்ஸி தமிழில் சொன்னாள்.

“அக்கா, நஞ்சில சுரக்கிறது நல்லாக் குறைஞ்சு போச்சாம்.”

“நஞ்சு குறைஞ்சால் நல்லம்தானே தங்கச்சி? கூடினாத்தானே சாவு!”

பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிண்ணியா ஊர்ப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

“பாம்பு நஞ்சில்லை அக்கா. பிள்ளையோட வாற நச்சுக்கொடி. அது வேலை செய்யேல்லையெண்டால் பிள்ளை உள்ளுக்கே செத்துப் போயிடும். இனிக் கட்டிலால இறங்கப்படாது.”

இரண்டாவது போத்தலும் கொழும்புக்குப் போனது. யன்னல் கம்பிக்கு அப்பால் கடல். என் சோற்றுக்கடை கூப்பிடு தூரத்தில், போக ஏலாது. பிள்ளை உதைத்தால் ‘இருக்கிறான்’ என்று மூச்சு வரும். அசையாவிட்டால் வயிற்றைத் தட்டி எழுப்புவேன். பாவம், அவனையும் உறங்க விடவில்லை.

என் மனுசன் சோறு கொண்டுவந்தார்.

“இஞ்சேருங்கோ, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இவன் குதிரை மாதிரி உதைக்கிறான்.”

“வீட்டில வைச்சு ஏதும் நடந்தால்?”

ஊரையே வாயால் வென்றவள், உப்பில்லாத சோற்றைத் தின்றேன்.

இரண்டாவது முடிவும் குறைவு. வயிற்றை வெட்டினார்கள். வார்ட்டே அதிரக் கத்திக்கொண்டு வந்தான், முழுப்பிள்ளை. ஒரு குறையும் இல்லை. ஏன் குறைந்தது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சில மாதங்களில் அவனுடைய காலிலும் வயிற்றிலும் தோல் செதில் செதிலாக வந்தது. கொழும்பில் தமிழ்த் தோல் டொக்டர் ஒருவரிடம் காட்டி, நஞ்சுக் கதையையும் சொன்னேன்.

“இப்பிடித் தோலுள்ள ஆம்பிளைப் பிள்ளையளைச் சுமக்கேக்க அந்தச் சுரப்பு குறைவாத்தான் இருக்கும் அம்மா. இது இப்பதான் எங்களுக்கே விளங்குது. பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் இருந்திருக்காது.”

எனக்குக் கோபம் ஏறியது. “அப்ப என்னை ஏன் மறிச்சு வைச்சு வெட்டினவை?”

“வீட்டுக்கு விட்டிருந்தாலும், அந்தச் சுரப்பு குறைஞ்சால் நோவு லேசில வந்திராதம்மா. திரும்பி அந்தக் கட்டிலுக்குத்தான் வந்திருப்பீங்கள்.”