ஜாஸ்மின் டாக்டர் அனுப்பிய அறிக்கை

பென்னலூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் என் மருந்துக்கடை. மாடியில் டாக்டர் ஜாஸ்மினின் கிளினிக். ஒன்பது வருஷமாக அவர் எழுதும் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். அவர் இந்த ஊர்ப் பெண்தான். அப்பா ஒரகடம் கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டியாக இருந்து மகளை அரசுக் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்க வைத்தார். நோயாளியைப் பற்றி டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். நானாகக் கேட்டாலும், "சீட்டுல இருக்கிறத மட்டும் குடுங்க நடேசன்" என்பார். அதனால் இங்கே நான் சொல்வதில் பாதி, கோதண்டம் என்ற நோயாளியும் அவர் மனைவி ரத்னாவும் இன்னொரு பையனும் தாங்களாகவே என்னிடம் சொன்னது. மீதி நான் பார்த்தது.

கோதண்டத்துக்கு நாற்பத்திரண்டு வயது. பேட்டரிக்கு ஈயத் தகடு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. போன வருஷம் தை மாசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேஸ் டிரபிள் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். இரண்டு மாதத்தில் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அதே மாத்திரைதான். கேன்டீன் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்.

பங்குனியில் பகலவன் என்ற பையன் வந்தான். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அதே வலி, அதே மலச்சிக்கல், அதே வெளுத்த முகம். எங்கே வேலை என்று டாக்டர் அன்று கேட்டார். ஈயத் தகடு அடுக்குகிற வேலை என்றான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு ஓரத்தில் கருநீலமாக ஒரு கோடு, ஈயம் உடம்பில் ஏறியதன் அடையாளம். உடனே கோதண்டத்துக்குப் போன் போட்டார். அவரும் அதே லைன்தான். இருவர் ரத்தத்தையும் சென்னைக்கு அனுப்பினார். இருக்கவே கூடாத அளவுக்கு ஈயம் ஏறியிருந்தது.

ரிப்போர்ட் வந்த அன்று கோதண்டத்தையும் ரத்னாவையும் உட்கார வைத்து டாக்டர் முதலில் சொன்னது இதுதான்:

"நீங்க மொத தடவ வந்தப்பவே இன்னா வேல செய்றீங்கன்னு நான் கேட்டிருக்கணும்ண்ணா. கேக்கல. ரெண்டு மாசம் வீணாப் போனது என் தப்பால."

அவ்வளவு படித்தவர் தன் முகத்தைப் பார்த்துத் தப்பு என்று சொன்னது கோதண்டத்துக்குக் கூச்சமாக இருந்ததாம். ஆனால் அடுத்த பேச்சில் அந்தக் கூச்சம் போய்விட்டது. இது வேலையால் வந்த நோய், இதைப் பார்க்கிற டாக்டர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பெயரும் எழுத வேண்டும் என்றார் டாக்டர். கோதண்டம் பதறிவிட்டார். பெயர் போனால் கான்ட்ராக்டர் மறுநாளே வெளியே அனுப்பிவிடுவான், எழுத வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியாம அனுப்ப மாட்டேன்ண்ணா. ஆனா அனுப்பாம இருக்க முடியாது. அந்த லைன்ல இன்னும் நாப்பது பேர் கீறாங்க."

கோதண்டம் எழுந்து போய்விட்டார். என் கடையைத் தாண்டிப் போகும்போது என்னையும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் டாக்டர் நேராக அவர் வீட்டுக்குப் போனார். கோதண்டம் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் அவரை வற்புறுத்தவில்லை. ரத்னாவிடம், வேலைக்குப் போட்டுப்போகிற சட்டையை எங்கே துவைக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாத் துணியோடும் சேர்த்துத்தான் என்றாள் ரத்னா. அந்தத் தூசி வீடு வரை வரும், பாப்பாவுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். மகள் நிலாவுக்கு மூன்று வயது. அவள் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. அவ்வளவு அதிகமில்லை, ஆனால் இருந்தது. சட்டையை வீட்டுக்குக் கொண்டுவராமல் நிறுத்தினால் தானாகக் குறையும் என்று டாக்டர் தைரியம் சொன்னார்.

அது தெரிந்த மறுநாள் ரத்னா கிளினிக்குக்கு ஏறிப் போனதை நான் பார்த்தேன். இறங்கும்போது கண் சிவந்திருந்தது. மேலே என்ன சொன்னாள் என்று பிறகு அவளே சொன்னாள்: "எழுதுங்கமா. வேல போனா நான் மெஸ்ஸுல பாத்திரம் கழுவியாவது காப்பாத்திக்கிறேன்."

கோதண்டத்துக்குப் போனில் சொல்லிவிட்டு டாக்டர் அன்றே அறிக்கையை அனுப்பினார்.

பத்து நாளில் கம்பெனி மேனேஜர் சங்கரநாராயணன் காரில் வந்து இறங்கினார். மரியாதையான மனிதர். டாக்டர் என் கடையில் தடுப்பூசி மருந்து சரிபார்த்துக்கொண்டிருந்ததால் மேனேஜர் அங்கேயே பேசினார். எல்லாருக்கும் கம்பெனியே வைத்தியம் பார்க்கும், இனி வருஷாந்திர செக்கப் முழுவதும் உங்களுக்கே தருகிறோம், யார் யார் இங்கே வருகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

"அரசாங்கத்துக்குப் போக வேண்டியது போயிடுச்சு சார். வேற யாருக்கும் என் வாயால ஒரு பேர் வராது" என்றார் டாக்டர். பிறகு, ஈயத் தூசியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று விளக்கும் ஒரு தாளை அவரிடம் நீட்டினார். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர்கள் வந்தார்கள். லைனில் இருந்த எல்லாருக்கும் ரத்தம் எடுத்ததில் பதினோரு பேருக்கு ஈயம் அதிகமாக இருந்தது. அவர்களை வேறு வேலைக்கு மாற்றச் சொன்னார்கள். தூசியை உறிஞ்சும் மெஷின் வந்தது. ஷிப்ட் முடிந்து குளித்து, சட்டையை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும் என்றானது. கோதண்டம் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்து அதே கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தார்.

பகலவனுக்கு மட்டும் கான்ட்ராக்ட்டை நீட்டிக்கவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. டாக்டர் தொழிலாளர் அலுவலகத்துக்கு அவனோடு இரண்டு தடவை போனார். பலனில்லை. கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு குடோனில் அவனே வேலை தேடிக்கொண்டான்.

கான்ட்ராக்டர் சும்மா இருக்கவில்லை. அந்த கிளினிக்குக்குப் போனால் வேலை போகும் என்று ஆட்களிடம் சொல்லி வைத்தார். ஆறு மாதம் மாடிப்படி காலியாகக் கிடந்தது. என் வியாபாரமும் படுத்தது. எனக்குக் கோபம். உங்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

டாக்டர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அந்த மூணு சீட்டும் நான் எழுதினது நடேசன். நீங்க எடுத்துக் குடுத்தீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

தூசி மெஷின் வந்த கதை பரவி, இப்போது மாடியில் மறுபடியும் கூட்டம். வெல்டிங் செய்கிறவர்கள், பெயின்ட் லைன் பெண்கள் என்று ஒரகடத்திலிருந்து பஸ் மாறி வருகிறார்கள். நிலாவின் ரத்தத்தில் ஈயம் குறைந்துவிட்டதாம்; இந்த ஜூனில் எல்கேஜி சேர்ந்தாள்.