லைசென்ஸ் எண்: இல்லை

போன வாரம் என் வாயால் என் மனைவியின் வேலை போயிருக்கும். மயிரிழையில் தப்பியது.

இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்கு ஜெசிந்தாவைத் தெரியும். என் வீட்டில் நான் ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டியது அவளிடம்தான். பதினான்கு வருடம் தி.நகரில் ஒரு இன்டீரியர் நிறுவனத்தில் இருந்தாள். வரைந்தது அவள், வீட்டுக்காரர்களிடம் கைகுலுக்கியது முதலாளி. நாற்பத்தாறு வயதில் ‘போதும்’ என்று வெளியே வந்து, தன் பெயரிலேயே தொழில் தொடங்கினாள்.

நான்கு மாதம் போன் அடிக்கவே இல்லை. பிறகு அடித்தது… அடையாறில் ஒரு பழைய அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்து, வீட்டையே புதுசாக்க வேண்டும். அவள் பெயரில் முதல் வேலை!

வேலை தொடங்க அசோசியேஷன் அனுமதி வேண்டும் என்றார்கள். செயலாளர் சேஷாத்ரி சாரிடம் நேரம் கேட்டு போன் செய்தது நான்தான். பேச்சுவாக்கில், “என் வைஃப் ஆர்க்கிடெக்ட் சார்” என்று சொல்லி வைத்தேன். பெருமைதான், வேறென்ன? இன்டீரியர் டிசைனர் என்றால், “ஓ… கர்ட்டன் செலக்ட் பண்ணுவாங்களா?” என்று கேட்கிற ஊராயிற்றே இது.

சனிக்கிழமை காலை அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், முகவரி, வேலை விவரம்… ஐந்தாவது கட்டத்தில், ‘டிசைனரின் லைசென்ஸ் எண்’.

“ஆர்க்கிடெக்ட்னு சார் சொன்னாரே. அந்த நம்பரைப் போட்டுடுங்கோ” என்றார் சேஷாத்ரி சார்.

ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கல்யாணமான வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

“நான் ஆர்க்கிடெக்ட் இல்ல சார். அந்தப் பேரைப் போட்டுக்கவே சட்டப்படி பதிவு வேணும். அதுக்கு வேற படிப்பு, வேற கவுன்சில். நான் இன்டீரியர் டிசைனர். எங்களுக்கு நம்ம நாட்டுல லைசென்ஸே கிடையாது.”

சொல்லிவிட்டு, அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள்.

யோசித்துப் பாருங்கள்… நம் ஊரில் வீட்டு நாய்க்கு லைசென்ஸ் வேண்டும். டீக்கடைக்கு வேண்டும். உங்கள் சுவரை உடைத்து, வயரை இழுத்து, குழாயைத் திருப்புகிற ஆளுக்கு? ஒரு விசிட்டிங் கார்டு போதும். நேற்றுவரை பிளைவுட் விற்றவர் இன்று டிசைனர்.

சேஷாத்ரி சார் பேனாவை மூடினார். “நம்பர் இல்லாம நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? ரெண்டாவது மாடியில வேலை பார்த்தவர் நம்பர் கொடுத்திருக்காரே! கொடுத்தும், டிவி வயரை மறைக்கறேன்னுண்டு தூணைக் கொத்தி வெச்சுட்டார். கீழாத்துக்காரா எங்கிட்ட சண்டைக்கு வந்தா.”

“ஜிஎஸ்டி நம்பரையாவது போடேன்” என்று ஜெசிந்தாவின் காதில் கிசுகிசுத்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

“அவர் கொடுத்த நம்பரைப் பார்க்கலாமா சார்?”

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். ஜெசிந்தா பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்கே அவளுக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

“சார்… இது டிஎன்-னு ஆரம்பிக்குது. டிரைவிங் லைசென்ஸ் சார் இது.”

சேஷாத்ரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். அந்த இரண்டாவது மாடி டிசைனரைக் குற்றம் சொல்ல முடியுமா? லைசென்ஸ் எண் கேட்டார்கள்… கொடுத்திருக்கிறார்!

“அப்போ நான் எதை நம்பி உங்களை உள்ள விடறது?” இந்த முறை குரலில் அதிகாரம் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

ஜெசிந்தா பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். முதலாவது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கடிதம். சுவரில் எந்தப் பகுதியை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று படம் போட்டிருந்தது. வீட்டைப் பார்க்கப் போன முதல் நாளே மேஸ்திரி காசி சுவரைத் தட்டிப் பார்த்து, “மேடம், உள்ள தூண் கீது. கை வெச்சோம்னா மேல்வூட்டுக்காரன் நம்ம தலைமேல குந்திக்குவான்” என்றிருக்கிறார். உடனே யாரும் கேட்காமலே இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள்.

இரண்டாவது, எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் தாளின் நகல். எந்தச் சுவருக்குள் எந்த வயர், எந்தக் குழாய் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று வரைந்து, கீழே தன் பெயர், போன் நம்பர், கையெழுத்து. தான் செய்யும் எல்லா வீட்டிலும் இப்படி ஒட்ட வேண்டும் என்று அவளுக்குப் பல வருட ஆசை. பழைய முதலாளி, “வம்பை நாமளே எழுதிக் குடுக்கணுமா?” என்று மறுத்துவிட்டார். அவள் வெளியே வந்ததே அதனால்தான்.

“இதே மாதிரி அந்த வீட்டுலயும் ஒட்டுவேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கணும்னு இதுல இருக்கும் சார். என்கிட்ட நம்பர் இல்ல… பேர் இருக்கு.”

சேஷாத்ரி சார் அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். பேனாவைத் திறந்தார். படிவத்தில் ‘லைசென்ஸ் எண்’ என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, ‘பொறுப்பேற்பவர் கையெழுத்து’ என்று எழுதினார்.

“இங்க போடுங்கோ. இனிமே எல்லார்கிட்டயும் இதையும் இன்ஜினியர் லெட்டரையும்தான் கேக்கப்போறேன்.”

அவள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடத்தில் இவளைப் பார்த்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

காரில் வரும்போது கேட்டேன்: “உங்க தொழிலுக்கும் லைசென்ஸ் சட்டம் வந்தா?”

“வரட்டும்ங்க. சீக்கிரம் வரணும். முதல் ஆளா நான்தான் பரீட்சைக்கு உக்காருவேன்.” சிக்னலில் வண்டி நின்றதும் என் பக்கம் திரும்பினாள். “நீங்க மட்டும் இனிமே என்னை ஆர்க்கிடெக்ட்னு சொல்லிப் பாருங்க…”

சொல்ல மாட்டேன் தாயே! இனி யார் கேட்டாலும், ‘இன்டீரியர் டிசைனர் ஜெசிந்தாவின் கணவன்’ என்று மட்டும்தான் சொல்லப்போகிறேன். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள என்னிடம் முறைப்படி பதிவு இருக்கிறது… சாந்தோம் சர்ச் ரெஜிஸ்டரில்!