தினமும் வேலைக்கு வரும் விரல்

காலை ஏழு ஐம்பத்தைந்துக்கு அவர் வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரல் இருந்த வெற்றிடத்தை வருகைப் பதிவு ரேகைக் கருவியின் கண்ணாடிமேல் வைக்கிறார். ‘நன்றி’ என்கிறது கருவி. பின்னால் வரிசையில் நிற்பவர்கள், பத்து விரலும் உள்ள பாவிகள், எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் அது ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

தகடு வெட்டும் பிரஸ்ஸில் அவருக்குப் பத்தொன்பது வருடம். எதைக் கேட்டாலும், “குறைன்னு சொல்லக் கூடாதுங்க” என்பார். போன வருடம் அந்த பிரஸ் விரலை வாங்கிக்கொண்டபோதும் அதையேதான் சொன்னார். நிர்வாகமும் கைவிட்டுவிடவில்லை. ஒரு ஃபிளாஸ்க், ‘விரைவில் நலம் பெறுக’ என்றொரு அட்டை, மாதம் ஒரு ஜோடி கையுறை. கையுறைக்கு ஐந்து விரல், குறைவில்லாமல். மாதக் கடைசியில் பார்த்தால் அந்தக் காலி விரலின் நுனியும் மற்றவை போலவே தேய்ந்து ஓட்டையாகியிருக்கும்.

அவருக்கு ஒரே ஆசை. அடுத்த விரலும் போவதற்குள் பேக்கிங் பிரிவுக்கு மாறிவிட வேண்டும். அதற்கு, விரல் போனது உண்மை என்று ஆபீசில் எழுதித் தர வேண்டும். பர்சனல் ஆபீசர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கம்ப்யூட்டரையே திருப்பிக் காட்டினார்.

“அண்ணே, உங்க விரல் ஒருநாள் தவறாம வந்து ரேகை வைக்குது. இல்லாத விரல் எப்படிண்ணே வேலைக்கு வரும்? நீங்களே சொல்லுங்க.”

நியாயமான கேள்வி. பிரஸ்ஸுக்கே திரும்பினார்.

பிறகு காய்ச்சலில் மூன்று நாள் படுத்தார். அந்த மூன்று நாளுக்கும் வருகை பதிவாகி, சம்பளச் சீட்டில் முழு வருகைக்கான ஊக்கத்தொகையும் ஏறியிருந்தது. மனைவியிடம் காட்டினார்.

“நீங்க படுத்திருந்தா என்ன, அது கிளம்பிப் போயிருக்கும். இந்த வீட்டுல அதுக்குத்தான் பொறுப்பு ஜாஸ்தி,” என்றார் மனைவி. சிரிக்கவில்லை.

சென்ற வாரம் பணித் திருப்திப் படிவம் கொடுத்தார்கள். சம்பளம், நிர்வாகத்தின் அக்கறை, பிரிவு என்று மூன்று கேள்விகள். பிரிவில் திருப்தி இல்லாதவர்களை மாற்றிவிடுவதாக அறிவிப்புப் பலகையில் வேறு ஒட்டியிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகக் குறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பேனாவைப் பிடித்தார். ‘திருப்தி இல்லை’ கட்டத்தை நோக்கிப் போன பேனா பாதியில் நின்றது. யாரோ மேலிருந்து விரல் வைத்து அழுத்துவதுபோல் மெல்ல நகர்ந்து, ‘மிகத் திருப்தி’யில் டிக் போட்டது. இரண்டாவது கேள்விக்கும் அதுவேதான். டிக் இரண்டும் விபத்துக்கு முந்தைய அழகில் இருந்தன.

பக்கத்து மிஷின்காரர் எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, அவ்வளவு திருப்தியா?”

“எனக்கில்லப்பா. அதுக்கு.”

மூன்றாவது கேள்வி பாக்கியிருந்தது. அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, இடது கையால் பேனாவை எடுத்தார்.